இடப்பக்கம் இழுத்த லோடர்

குடியிருப்பின் முற்றத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கியதும் வின்சென்ற் முதலில் அந்தப் பெண்ணைத்தான் தேடினான். சற்று முன்பு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போனவள். அவள் பேருந்துத் தரிப்பிடத்தை அடைந்துவிட்டிருந்தாள். பின்னால் நடந்தது அவளுக்குத் தெரியாது. அதைக் கண்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. சைக்கிள் நிறுத்தும் இரும்புக் கம்பிகள் வளைந்து பனிக்குள் சாய்ந்து கிடப்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தான்.

அது 2006 ஆம் ஆண்டு மாசி மாதம். ஒஸ்லோவுக்குக் கிழக்கே லோறென்ஸ்கூக்கில் முதல் நாள் தொடங்கிய பனி விடியும் வரை விடவில்லை. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தையும் நடைபாதைகளையும் துப்புரவாக்குவது பல வருடங்களாக வின்சென்றின் வேலை. முன்னால் வாளி பூட்டிய, ஓர் ஆள் மட்டும் இருந்து ஓட்டுகிற சின்ன லோடர் அவனுடையது. அதற்கு ஸ்டியரிங் கிடையாது. இருக்கையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஜோய்ஸ்டிக் இருக்கும். இடது கைப் பிடி வண்டியை ஓட்டும். வலது கைப் பிடி வாளியை உயர்த்தும், தாழ்த்தும். இரண்டு பக்கத்துச் சக்கரங்களும் வெவ்வேறாகச் சுழலக்கூடியவை என்பதால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். பழக்கமில்லாதவன் ஏறினால் துள்ளிக் குதிக்கும். வின்சென்ற் ஓட்டினால் வீட்டு வாசலில் கிடக்கும் பால்பெட்டியைக்கூடத் தட்டாமல் சுற்றிப் போகும்.

அன்றைக்கு அது நேராகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. அவன் பிடியை விடுவதற்குள் வாளி கம்பிகளில் மோதிவிட்டது.

அவன் இயந்திரத்தைச் சந்தேகிக்கவில்லை. கையுறையைக் கழற்றித் தன் இடது கையைப் பார்த்தான்.

போன கோடையில் அவனுக்கு மூளையில் சிறிய இரத்த அடைப்பு வந்திருந்தது. காலையில் சேட்டுப் பொத்தானைப் போட முடியாமல் நின்றவனை மனைவி ரஞ்சிதான் கண்டு அம்புலன்சுக்கு அடித்தாள். கெதியில் ஆஸ்பத்திரிக்குப் போனதால் பெரிய சேதம் இல்லை. பேச்சு அன்றைக்கே திரும்பியது, கால் ஒரு மாதத்தில் திரும்பியது. இடக்கைப் பழக்கக்காரனான அவனுக்கு அந்த இடது கை மட்டும் மெல்ல மெல்ல வந்தது. கார்த்திகையில் வைத்தியர் சோதித்துப் பார்த்து வேலைக்குப் போகலாம் என்றார். அன்று வின்சென்ற் வீட்டுக்கு வரும் வழியில் கேக் வாங்கி வந்தான். ஆனால் மூன்று நான்கு மணி நேரம் ஓட்டியதும் அந்தக் கை பாரமாவதையும், விரல்கள் சொல்வழி கேட்கச் சற்றுத் தாமதிப்பதையும் அவன் யாருக்கும் சொல்லவில்லை. வைத்தியருக்கும் சொல்லவில்லை, ரஞ்சிக்கும் சொல்லவில்லை.

அவன் முதலாளி ஆர்னேயைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னான். தன் கை பிழை விட்டுவிட்டதென்றும், இனித் தன்னை இயந்திரத்தில் ஏற்ற வேண்டாமென்றும் சொன்னான். ரஞ்சிக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். ஆர்னே, மோதிய வண்டி பட்டறைக்கு வந்துதானே ஆக வேண்டும், பட்டறையில் அதைக் கழற்றப் போவது யார் என்று நினைக்கிறாய் என்று கேட்டார்.

ஏனென்றால் அந்தச் சிறிய கம்பெனியின் பட்டறையில் ஹைட்ரோலிக் வேலைக்கும் மின் வேலைக்கும் இருந்த ஒரே ஆள் வின்சென்றின் மனைவி ரஞ்சி என்கிற மரியரஞ்சனிதான்.

அவள் நோர்வேக்கு வந்த புதிதில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அது மூடப்பட்டபோது வேலை தேடுவோருக்கான பயிற்சிகளில் எதை எடுக்கிறாய் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டார்கள். கூடப்போன பெண்கள் பராமரிப்பு வேலையை எடுத்தார்கள். ரஞ்சிக்கு நோயாளிகளைக் கண்டால் அழுகை வரும். அதனால் கனரக இயந்திரம் திருத்தும் வகுப்பில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். வின்சென்ற் அன்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவள் படித்த இரண்டு வருடமும் சமையலை அவனே பார்த்தான். தேர்வுக்கு முதல் நாள் ஹைட்ரோலிக் வால்வுகளின் நோர்வேஜியப் பெயர்களை அவளிடம் கேள்வி கேட்டுக் கேட்டு அவனுக்கே பாடமாகிவிட்டது. ஆர்னேயிடம் அவளுக்கு வேலை கேட்டுக் கொடுத்ததும் அவன்தான்.

அன்று பின்னேரம் அவள் ஃபூருசெத்திலிருந்த வீட்டுக்கு வந்தபோது அவன் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். மகள் ஜெனிதா மேசையில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ரஞ்சி ஜக்கெற்றைக் கழற்றாமலே வந்து பக்கத்தில் நின்றாள். வண்டி பட்டறைக்கு வந்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதென்று அவனுக்கு விளங்கியது.

"கை பிழைச்சுப்போச்சு, ரஞ்சி. இனி நான் அதிலை ஏறமாட்டன்" என்றான் அவன், வெங்காயத்தைப் பார்த்தபடியே.

"வண்டி திரும்பேக்கை கை எங்கை இருந்தது?"

"நீர் என்னை விசாரிக்கிறீரோ, மெசினை விசாரிக்கிறீரோ?"

"ரெண்டையும்தான்."

அவனுக்குக் கோபம் வந்தது. கத்தியை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனான். ஜெனிதா தலையைத் தூக்கி, அப்பா இப்போதெல்லாம் தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால்தான் தூக்குகிறார் என்றாள். பாஸ்லேகேயிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், திரும்பப் போகச் சொன்னதற்குத் தன்மேல் பாய்ந்தார் என்றும் சொன்னாள். ரஞ்சி மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்தாள். அவளும் அந்தக் கோப்பையைக் கவனித்திருந்தாள். கேட்காமல் விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அல்னாபுறுவிலிருந்த பட்டறையில் லோடர் அவளுக்காகக் காத்திருந்தது. வாளியின் ஒரு மூலை நெளிந்திருந்ததைத் தவிர வேறு காயம் எதுவும் இல்லை.

இந்த வகை வண்டியில் ஜோய்ஸ்டிக் தானாக எதையும் அசைப்பதில்லை. கை எவ்வளவு சாய்க்கிறது என்பதை அது மின்னழுத்தமாக மாற்றி ஒரு சிறிய கணினிப் பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி பம்பின் மேலிருக்கும் வால்வுகளைத் திறக்கிறது. அவற்றின் வழியே போகும் எண்ணெய் பம்புக்குள் இருக்கும் தட்டைச் சாய்க்க, சக்கரம் சுழல்கிறது. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இத்தனை பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் பொய் சொன்னாலும் வண்டி பிழையாகத்தான் போகும். பிழையை நினைவில் வைத்திருந்து காட்டும் வசதி அந்தப் பழைய பெட்டிக்கு இல்லை. ஒவ்வொருவராகத்தான் கேட்க வேண்டும்.

ரஞ்சி எண்ணெயிலிருந்து தொடங்கினாள். அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தாள், அழுத்தம் சரியாக இருந்தது. வால்வுகளுக்கு முன்னால் இருக்கும் சின்ன வலைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு தூசியும் இல்லை. இடப்பக்க வால்வின் மின்சுருளைக் கழற்றி வலப்பக்கத்தில் மாட்டிப் பார்த்தாள். எந்த மாற்றமும் இல்லை. பிறகு ஜோய்ஸ்டிக்குக்கு வந்தாள். கைப்பிடியின் கீழிருந்த ரப்பர் உறையை விலக்கி மீற்றரின் முனைகளை வைத்தாள். பிடி நடுவில் நின்றபோது முள் அசையாமல் நின்றது. இடப்பக்கம் சாய்க்க மெதுவாக இறங்கியது, வலப்பக்கம் சாய்க்க மெதுவாக ஏறியது. எங்கும் துள்ளவில்லை. அவளே ஏறிப் பட்டறை முற்றத்தில் ஓட்டிப் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

ஆர்னே வாசலில் நின்று பார்த்தார். அவர் வின்சென்றோடு ஒரே வண்டியில் பனி அள்ளிய காலத்திலிருந்து சிநேகிதர். வேறு வேலை நிறைய இருக்கிறது, சாமான்கள் ஏற்றி இறக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது என்று மெல்லச் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ரஞ்சி தலையாட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இயந்திரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

இத்தனை வருடத்தில் ஒரு வண்டியில் பழுது இருக்க வேண்டுமென்று அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. இன்றைக்கு ஆசைப்பட்டாள். பழுது கிடைக்காவிட்டால், தன் கணவனின் கையைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டியவள் அவள்தான். அந்தக் கை எழுதிய கடிதங்களை நம்பித்தான் அவள் இந்தக் குளிருக்குள் வந்தாள். ஜெனிதா பிறந்தபோது குழந்தையை முதலில் தூக்கியதும், நடுங்கியதும் அதே கைதான். அப்போது பயத்தில் நடுங்கியது.

சாப்பாட்டில் ஒரு வாய்கூட வைக்காமல் அவள் யோசித்தாள். நேற்று விடிய முற்றத்தில் இருந்தது எது, இன்று இங்கே இல்லாதது எது? நேற்றுப் பனி இருந்தது. பாதையில் போடும் உப்பு கலந்த சேறு அவனுடைய சப்பாத்தில் ஒட்டி வண்டிக்குள் வந்து கரைந்திருக்கும். இங்கே சூடான பட்டறையில் எல்லாம் காய்ந்துபோய்விட்டது. அதைவிட முக்கியமாக, நேற்று அந்த இருக்கையில் இருந்தவன் வின்சென்ற். வில் வைத்த இருக்கை அது. அவள் ஏறினால் அசையாது. ஆர்னேயும் ஒல்லி. வின்சென்ற் ஏறினால் அடிமட்டம் வரை அமுங்கும். ஜோய்ஸ்டிக் பூட்டியிருப்பதும் அந்த இருக்கையில்தான். அதன் வயர்கள் இருக்கையோடு சேர்ந்து மேலும் கீழும் போய் வருகின்றன.

அன்று பின்னேரம் அவள் பழுது எதுவும் கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் அவனிடம் சொன்னாள்.

"பாத்தீரே. நான் சொன்னனான்" என்றான் அவன். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் இன்னும் முடிக்கேல்லை. நாளைக்கு நீங்கள் ஒருக்கா வந்து அதிலை இருங்கோ."

"ஏறமாட்டன் எண்டு சொன்னனானெல்லோ."

"ஓட்டச் சொல்லேல்லையப்பா, இருக்கத்தான் சொல்லுறன். சக்கரம் நிலத்திலை முட்டாமல் தூக்கி வைப்பன்." அவள் அவன் முன்னால் போய் நின்றாள். "கைதான் காரணமெண்டால் அதையும் நானே பாத்துச் சொல்லுறன். வேறை ஆரையும் சொல்ல விடமாட்டன்."

 அவன், பட்டறையில் இப்போதும் அந்தக் கசக்கிற கோப்பிதான் கிடைக்குமா என்று கேட்டான். வருவான் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ரஞ்சி லோடரைத் தூக்கி நான்கு கட்டைகளின் மேல் நிறுத்தினாள். சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. முற்றத்துக்குப் போய் ஒரு வாளி நிறைய உப்புச் சேற்றை அள்ளி வந்து வண்டிக்குள் இருக்கையைச் சுற்றி ஊற்றினாள். சப்பாத்தைத் துடைக்காமல் பட்டறைக்குள் வருபவர்களைக் கத்தித் துரத்துகிறவள் இப்படிச் செய்வதைக் கண்டு ஆர்னே கோப்பியோடு கிட்ட வந்தார். வின்சென்ற் ஏறி இருந்தான். இருக்கை ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. பாதுகாப்புக் கம்பியை மடியின் மேல் இறக்கினான். அவன் முகம் பல் வைத்தியரிடம் வந்தவனின் முகம்போல இருந்தது.

ரஞ்சி மீற்றரைப் பொருத்திவிட்டு இயந்திரத்தை உயிர்ப்பிக்கச் சொன்னாள். அவன் இடது கையைப் பிடியில் வைத்து மெல்ல முன்னால் தள்ளினான். நான்கு சக்கரங்களும் சேர்ந்து சுழன்றன. எல்லாம் சரியாகவே இருந்தது. கொஞ்சம் துள்ளி இருக்கச் சொன்னாள். கரடுமுரடான பாதையில் போவதுபோல் அவன் இருக்கையில் எழும்பி எழும்பி இருந்தான். ஆர்னே சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்போதுதான் முள் இறங்கியது. இடப்பக்கச் சக்கரங்கள் தயங்கின. வண்டி நிலத்தில் நின்றிருந்தால் இடப்பக்கம் வெட்டியிருக்கும்.

வின்சென்றின் முகம் கறுத்துப்போனது. "பாத்தீரே, திரும்பவும் கை..."

"கையை எடுங்கோ" என்றாள் ரஞ்சி.

அவனுக்கு விளங்கவில்லை.

"ரெண்டு கையையும் எடுத்து மடியிலை வையுங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ."

அவன் வைத்தான். பிடி நடுவுக்கு வந்து நின்றது. சக்கரங்கள் ஓயவில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் பின்னோக்கியும் வலப்பக்கச் சக்கரங்கள் முன்னோக்கியும் மெதுவாகச் சுற்றின. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் பிடியை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வின்சென்ற் சக்கரங்களைப் பார்த்தான். பிறகு குனிந்து மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தான். இரண்டு கைகளும் சும்மா கிடந்தன.

ரஞ்சி இயந்திரத்தை நிறுத்தினாள். மீற்றரைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் கறுப்பு அப்பிக்கொண்டது. ஆர்னே தன் கோப்பியை வின்சென்றிடம் நீட்டிவிட்டு, சைக்கிள் கம்பிகளை மாற்றித் தருவதாகக் குடியிருப்புக்காரரிடம் சொல்லவேண்டும் என்று அலுவலறைக்குப் போனார். அவர்களைத் தனியே விடுவதற்காகத்தான் போனார் என்று இருவருக்கும் தெரிந்தது.

இருக்கையைக் கழற்றியதும் இடம் கிடைத்தது. ஜோய்ஸ்டிக்கிலிருந்து வரும் வயர்க்கட்டு, அதைப் பிடித்திருந்த கிளிப் உடைந்ததால், தொய்ந்து ஒரு போல்ற்றின் தலைமேல் கிடந்தது. இருக்கை அமுங்கும்போதெல்லாம் போல்ற்று அதைத் தேய்த்திருந்தது. ஒரு வயரின் தோல் உரிந்து செம்பு பச்சையாய்ப் பூத்துப்போயிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டதும் மின்சாரம் கொஞ்சம் அங்கே கசிந்துவிடும். பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு குறையும். பிடி இடப்பக்கம் சாய்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும்.

"வெளிச்சத்தைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று அவள் கைவிளக்கைக் கொடுத்தாள். அவன் இடது கையால் வாங்கினான்.

அவள் பழுதான துண்டை வெட்டி எடுத்தாள். புது வயரை வைத்து முறுக்கி, ஈயம் பற்றவைத்து, மேலே சுருங்கும் உறையைப் போட்டுச் சூடு காட்டினாள். உறை சுருங்கி வயரை இறுக்கிப் பிடித்தது. வயர்க்கட்டை போல்ற்றுக்கு எட்டாத பக்கமாகக் கொண்டுபோய், இருக்கை அடிமட்டம் வரை போனாலும் இழுபடாதபடி இடம் விட்டுக் கட்டினாள். வேலை முடியும் தறுவாயில் வெளிச்சம் ஆடத் தொடங்கியது. அவள் நிமிரவில்லை. ஆடும் வெளிச்சத்திலேயே கடைசிக் கட்டைப் போட்டாள்.

"நடுங்குது" என்றான் வின்சென்ற், தானாகவே.

"தெரியும்."

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"கேக் கொண்டுவந்த அண்டைக்கே. பெட்டியை மேசையிலை வைக்கேக்கை பாத்தனான்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமாய் இருந்தியள்" என்றாள் ரஞ்சி. "எனக்கு அதைக் கெடுக்க மனம் வரேல்லை. அது என்ரை பிழைதான்."

அவன் விளக்கை அணைத்துவிட்டு வலது கைக்கு மாற்றினான். பிறகு அதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னான். நேரம் போகப் போகக் கை பாரமாவது, விரல் தாமதிப்பது, அந்தக் குழந்தை வண்டி கண்ணுக்குள்ளேயே நிற்பது எல்லாவற்றையும் சொன்னான். அவள் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி கேட்டாள். வண்டி வெட்டியதற்குக் கை காரணமில்லை, ஆனால் கையை இப்படியே விடவும் முடியாது என்றாள். அவன் மறுக்கவில்லை. அன்றைக்கே வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தான். ரஞ்சி பக்கத்தில் நிற்கவேண்டும் என்று மட்டும் கேட்டான்.

வைத்தியர் கொஞ்சம் கண்டித்தார். நீங்கள் நல்லாயிருப்பதாகச் சொன்னதை நம்பித்தானே அனுமதி கொடுத்தேன் என்றார். அவனைக் கைப் பயிற்சிக்குத் திரும்ப அனுப்பினார். பயிற்சி கொடுப்பவர் சோதித்துச் சொல்லும் வரை இயந்திரத்தைத் தொடக்கூடாது என்றார். அந்த வாரங்களில் வின்சென்ற் பட்டறையில் ஆர்னே சொன்ன ஏற்றி இறக்கும் வேலையைச் செய்தான். மத்தியானத்தில் ரஞ்சியோடு இருந்து சாப்பிட்டான். ஒரே கம்பெனியில் வேலை செய்தும் இத்தனை காலம் அவர்கள் மத்தியானத்தில் ஒன்றாகச் சாப்பிட்டதே இல்லை. அவன் எப்போதும் பனிக்குள்ளோ மணலுக்குள்ளோ நின்றான். சமையல் யாருடையது நல்லது என்பதில் ஒவ்வொரு நாளும் தகராறு நடந்தது. ஆர்னே இரண்டு பெட்டியிலிருந்தும் எடுத்துத் தின்றுவிட்டுத் தீர்ப்பைத் தள்ளிப் போட்டார்.

பங்குனி நடுவில் அனுமதி வந்தது. காலையில் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டலாம், களைத்தால் நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. ரஞ்சி அந்த லோடரின் கணினிப் பெட்டியில், பிடிக்கு வண்டி எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற அமைப்பை மெதுவானதற்கு மாற்றிவிட்டாள். அப்படி ஓர் அமைப்பு இருப்பது அவனுக்கு முன்பே தெரியும். கிழவர்களுக்கானது என்று அதைப் பகிடி பண்ணியவன் அவன். இப்போது ஓட்டிப் பார்த்துவிட்டு, மோசமில்லை என்றான்.

சித்திரை பிறக்க ஒரு கிழமை இருக்கையில், இனி இல்லையென்று எல்லோரும் நினைத்திருந்த பனி திரும்பவும் கொட்டியது. ரஞ்சி அன்று பட்டறைக்குப் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு அவனோடு லோறென்ஸ்கூக்குக்குப் போனாள். காவலுக்கு நிற்கிறீரோ என்று அவன் கேட்டான். ஓம் என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லோடர் முற்றத்தின் அடுத்த மூலையிலிருந்து பனியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக, நேராக, அவள் நின்ற பக்கம் வந்தது. வாசல்களைச் சுற்றி, விளக்குக் கம்பங்களைச் சுற்றி வந்தது. அவள் கால்மாட்டில் வந்து நின்று, வாளியை நிலத்தில் சத்தமே இல்லாமல் இறக்கியது.

கண்ணாடிக்குள் அவன் அவளைப் பார்த்தபடி இருந்தான். ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

ரஞ்சி அவனுக்குப் பின்னால் முற்றத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு கதவருகே குனிந்து, "அந்தக் கரையிலை ஒரு துண்டு விட்டுட்டியள்" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். உண்மைதான், ஒரு முழ அகலத்துக்குப் பனி அப்படியே கிடந்தது. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டு, இடது கைப் பிடியைச் சாய்த்து வண்டியைத் திருப்பினான்.